தொப்பி தூக்கும் உத்தியோகம்

பில் ப்ராட்ரிக் என்று ஒரு அமெரிக்கர். பெரிய உருவம், செம்பட்டைத் தாடி. 1970-கள், 80-கள், 90-களில் அமெரிக்காவில் ஸ்டாக் கார் ரேஸ் ஜெயித்தவர்களின் ஃபோட்டோக்களைத் தேடிப் பாருங்கள். ஜெயித்தவரின் தோளுக்குப் பக்கத்தில் அந்தத் தாடி அடிக்கடி தெரியும். அவர் கார் ஓட்டினவர் இல்லை. காருக்குச் சொந்தக்காரரும் இல்லை. யூனியன் 76 என்ற பெட்ரோல் கம்பெனியின் பப்ளிக் ரிலேஷன்ஸ் மனிதர். அவருடைய தலையாய வேலை, அடுத்தவர் தலையில் தொப்பி வைப்பது.

விளையாட்டில்லை. ரேஸ் ஜெயித்ததும் டிரைவரும் அவர் கோஷ்டியும் காரைச் சுற்றி நிற்பார்கள். பெட்ரோல் கம்பெனி தொப்பியோடு ஒரு க்ளிக். கழற்று. டயர் கம்பெனி தொப்பியோடு ஒரு க்ளிக். கழற்று. அப்புறம் பீர், பேட்டரி, ஸ்பார்க் ப்ளக்... காசு கொடுத்த ஒவ்வொரு கம்பெனிக்கும் அவரவர் தொப்பியோடு வெற்றிப் படம் வேண்டும். நம் ஊர் கல்யாண ரிசப்ஷனில் மொய்க்கவரோடு வரிசையாக மேடையேறுவார்களே, அதே கதைதான். மாப்பிள்ளைக்குத் தொப்பி மாறுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இதற்கு அங்கே 'தொப்பி டான்ஸ்' என்று பெயர். ப்ராட்ரிக்குக்குத் 'தொப்பிக்காரர்' என்றே பட்டம்.

இந்தத் தொப்பி தூக்கும் உத்தியோகத்துக்கு அமெரிக்காவில் அடிதடி. சம்பளமே இல்லாமல் ஒரு வருஷம் வேலை பார்த்து, அதற்கப்புறம் 'கிடைக்குமா?' என்று காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருந்த ஒரு பையனைப் பற்றித்தான் இந்த வாரம்.

அதற்கு முன் ஸ்டாக் கார் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். ஃபார்முலா ஒன் நமக்குத் தெரியும். ஊசி மாதிரி மூக்கு, திறந்த சக்கரம். ஸ்டாக் கார் அந்த ஜாதியில்லை. பார்ப்பதற்கு ஷோரூமில் நிற்கும் கார் மாதிரியே இருக்கும். 'கடையில் ஸ்டாக்கில் உள்ள கார்' என்றுதான் அந்தப் பெயரே. 1947 டிசம்பரில், ஃப்ளோரிடாவில் டேடோனா கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் பில் ஃப்ரான்ஸ் என்பவர் கூட்டம் கூட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் நாஸ்கார் சங்கம். 1949 ஜூன் 19-ல், நார்த் கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரில், அசல் ஷோரூம் கார்களுக்கான முதல் ரேஸ். முதலாவதாக வந்தவர் க்ளென் டனவே. காரைச் சோதித்தால் பின்பக்க ஸ்பிரிங்கில் கைவரிசை! கள்ளச்சாராயம் கடத்துவதற்காக மாற்றி வைத்த ஸ்பிரிங். பரிசு பறிபோய், கான்ஸாஸிலிருந்து வந்த ஜிம் ரோப்பருக்குப் போனது.

ஆக, 'இது கடையில் வாங்கின கார்தான்' என்ற சமாசாரம் முதல் நாளே கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. இன்றைக்கோ அதுவும் இல்லை. டொயோட்டா கேம்ரி மாதிரி தெரியும். கதவு கிடையாது, டிரைவர் ஜன்னல் வழியாக நுழைய வேண்டும். முன்விளக்கு வெறும் ஸ்டிக்கர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை ஜனங்கள் ஷோரூமுக்குப் போகிறார்கள். விளக்கில்லாத காருக்கு வெளிச்சம் போடுகிறவர்கள் இந்த பி.ஆர். ஆசாமிகள்.

*

பெரிய பணம் வந்த கதை இன்னும் ருசி.

ஜூனியர் ஜான்சன் என்று ஒரு சூரர். அப்பாவின் சாராய ஊறல் விஷயமாக 1956-ல் பிடிபட்டு, ஜெயிலில் பதினோரு மாதம் இருந்தவர். 1986-ல் ஜனாதிபதி ரீகன் மன்னிப்புக் கொடுத்தார். ரேஸ் ஓட்டுவதை விட்டு டீம் முதலாளியான ஜான்சன், தன் காருக்கு ஸ்பான்சர் கேட்டு ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் சிகரெட் கம்பெனிக்குப் போனார். சமயம் பாருங்கள். 1971 ஜனவரியில் அமெரிக்காவில் டி.வி.யில் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை வந்துவிட்டது. கம்பெனியிடம் விளம்பரப் பணம் மலையாகக் குவிந்து கிடந்தது. ஒரு காருக்குக் கேட்கப் போனால், 'ரேஸ் தொடர் முழுவதையுமே எடுத்துக்கொள்கிறோம்' என்று முடிந்தது. 1971 முதல் 2003 வரை அந்தத் தொடருக்கு வின்ஸ்டன் கப் என்று பெயர். கம்பெனி ஆட்கள் டிராக் டிராக்காகப் போய்ச் சுவரெல்லாம் சிவப்பு வெள்ளை அடித்தார்கள்.

அதற்கடுத்த வருஷம் ரிச்சர்ட் பெட்டிக்கு எஸ்.டி.பி. என்ற எண்ணெய்க் கம்பெனி ஸ்பான்சராக வந்தது. பெட்டியின் கார் பரம்பரையாக நீலம். கம்பெனிக்கோ முழுக்கச் சிவப்பு வேண்டும். 'நீலத்தை விட மாட்டேன்' என்றார் பெட்டி. பேசிப் பேசி, கடைசியில் பாதி நீலம், பாதி சிவப்பு என்று பஞ்சாயத்து. இன்றைக்கும் ரேஸ் ரசிகர்கள் அந்த இரட்டை நிறத்தைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அவர் ஜெயித்தவை 200 ரேஸ்கள். கேட்கிறவர்களுக்கெல்லாம் நின்று நிதானமாக, கோலம் போடுகிற மாதிரி வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டுத் தருவார். பி.ஆர். என்ற பாடத்துக்கு அவரே புத்தகம்.

யாருமே திட்டமிடாத விளம்பரமும் ஒன்று உண்டு. 1979 பிப்ரவரி 18. டேடோனா 500 ரேஸ் முதல் முறையாக ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நேரடி ஒளிபரப்பு. கிழக்கு அமெரிக்காவில் அன்று பனி கொட்டியது. வெளியே போக வழியில்லாமல் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்கள் ஜனங்கள். கடைசிச் சுற்றில் முதலிரண்டு இடங்களில் வந்த கேல் யார்பரோவும் டோனி அலிசனும் மோதிச் சுவரில் செருக, பெட்டி ஜெயித்தார். அப்புறம் அலிசனின் அண்ணன் பாபியும் வந்து சேர, புல்தரையில் அடிதடி. தேசமே பார்த்தது. மறுநாள் அதே பேச்சு. எந்த பி.ஆர்.ஓ.வாலும் இப்படி ஒரு பிரஸ் மீட் ஏற்பாடு செய்திருக்க முடியாது.

*

நான் முப்பது வருஷம் சென்னையில் ஒரு சிமெண்ட் கம்பெனியில் பி.ஆர்.ஓ. சேர்மன் பேச்சை டைப் அடிப்பது, நிருபர்களுக்கு ஸ்வீட், காரம், காபி கவனிப்பது, டைரக்டரின் மாமியாருக்கு ரயிலில் எமர்ஜென்சி கோட்டா வாங்கித் தருவது, இவைதாம் எங்கள் காலத்து பப்ளிக் ரிலேஷன்ஸ். எனவே 2024 கோடையில் மகள் வீட்டுக்குச் சார்லட் போனபோது, மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் ஆலோசனை கேட்டு வந்தார். மதுரைக்காரர். சார்லட் வங்கிகளின் ஊர். பாங்க் ஆஃப் அமெரிக்காவின் தலைமையகமே அங்கேதான். இவர் ஒரு வங்கியில் சாஃப்ட்வேர்.

"சார், நீங்க கொஞ்சம் புத்தி சொல்லணும். பையன் கம்யூனிகேஷன்ஸ் படிச்சு முடிச்சுட்டான். வேலைக்கு அப்ளை பண்ணுடான்னா கார் ரேஸ்ல பி.ஆர். ஆகப் போறேங்கறான். இதுக்கா சார் இந்தியாவ விட்டு வந்தோம்?"

பையன் அங்கேயே பிறந்தவன். தமிழ் புரியும். பேசினால் பாதி வழியில் இங்கிலீஷுக்குத் தாவிவிடும். அவன் பார்வையிலும் நியாயம் இருந்தது. நாஸ்கார் டீம்களில் பெரும்பாலானவை சார்லட்டைச் சுற்றித்தான். பக்கத்தில் மூர்ஸ்வில் என்ற ஊர், தன்னை 'ரேஸ் சிட்டி' என்றே அழைத்துக்கொள்கிறது. திருப்பூரில் பிறந்த பையன் பனியன் தொழிலுக்குப் போகிறேன் என்றால் தப்பா?

"அங்கிள், நூறு இடத்துக்கு ரெஸ்யூமே அனுப்பிட்டேன். ஒருத்தரும் பதில் போடல" என்றான்.

ரெஸ்யூமேயை வாங்கிப் பார்த்தேன். முதல் வரியிலேயே, 'சிறு வயது முதல் ரேஸ் மீது எனக்குத் தீராத காதல்.'

காதல் கடிதத்துக்கு எந்த ஆபீஸிலும் பதில் வராது.

*

மாப்பிள்ளைக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவர், ஒரு காபிக் கடையில் அரைமணி நேரம் ஒதுக்கினார். நானும் பையனும் போனோம். அந்த அம்மாள் சொன்னதில் சத்தை மட்டும் பிழிந்து தருகிறேன். எந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கும் உதவும்.

ஒன்று. வேலைக்கு ஐந்து வாசல். டீம், ஸ்பான்சர் கம்பெனி, ரேஸ் டிராக், கார் கம்பெனி, நாஸ்கார் சங்கம். இவற்றுக்கு இடையில், ஆட்களை எடுத்துத் தரும் பி.ஆர். ஏஜென்ஸிகள். எல்லோரும் டீம் வாசலிலேயே போய் முட்டுகிறார்கள். மற்ற நான்கு வாசல்களில் கூட்டம் குறைவு.

இரண்டு. 'நான் ரேஸ் பைத்தியம்' என்று சொல்லாதே. பைத்தியத்துக்கு டிக்கெட் விற்பார்கள், வேலை தர மாட்டார்கள். டிரைவரிடம் ஆட்டோகிராஃப் கேட்கிறவன் அன்றோடு சரி. பத்திரிகையாளர் அறையில் கைதட்டுகிறவனும் அப்படியே.

மூன்று. எழுதத் தெரிய வேண்டும். ரேஸ் முடிந்த இருபது நிமிஷத்தில் முந்நூறு வார்த்தை. பெயர்களில் எழுத்துப்பிழை இல்லாமல். இப்போது கூடவே செல்ஃபோனில் வீடியோவும் எடுத்துப் போட வேண்டும்.

நான்கு. பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரை புள்ளிக்கான ரேஸ் மட்டும் 36. அத்தனையும் வாரக் கடைசியில். நண்பன் கல்யாணம், அம்மா பிறந்தநாள் எல்லாம் டி.வி.யில் பார்க்க வேண்டியதுதான்.

ஐந்து. ஸ்பான்சர் போனால் வேலையும் போகும். டிரைவர் ஜெயித்துக்கொண்டே இருந்தாலும் சரி, சோப்புக் கம்பெனி மேனேஜர் மாறினால் உன் சீட்டு கிழியும்.

"டிரைவர் கூடவே நடக்கணும். பேட்டி எத்தனை மணிக்குன்னு ஞாபகப்படுத்தணும். டி.வி. காமிரா வந்தா கையில இருக்கிற பாட்டிலோட லேபிள் வெளிப்பக்கம் பார்க்கணும். அவர் கார் கவிழ்ந்து எழுந்து வந்தாலும் முதல்ல ஸ்பான்சருக்கு நன்றி சொல்லணும். இதெல்லாம் யாருக்கும் கத்துக்குடுத்துடலாம்" என்றார் அந்த அம்மாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ஜெயிச்ச நாள்ல இந்த வேலையை யார் வேணாலும் பார்க்கலாம். 2001-ஐப் பத்திப் படி" என்றார்.

2001 பிப்ரவரி 18. அதே டேடோனா. 1979-ல் அடிதடி நடந்த அதே தேதி. அந்தக் காலத்தின் மிகப் பெரிய நட்சத்திரமான டேல் எர்ன்ஹார்ட் கடைசிச் சுற்றில் மூன்றாவதாக வந்துகொண்டிருக்கிறார். முன்னால் போன இரண்டுமே அவருடைய சொந்த டீமின் கார்கள். ஒன்றில் மைக்கேல் வால்ட்ரிப், மற்றதில் மகன் டேல் ஜூனியர். நாலாவது வளைவில் எர்ன்ஹார்ட் கார் சுவரில் மோதியது. பார்ப்பதற்குப் பெரிய மோதலாகவே தெரியவில்லை. அதுவரை 462 ரேஸ்களில் ஒன்றுகூட ஜெயிக்காத வால்ட்ரிப் அன்று ஜெயித்துவிட்டு, முதலாளி வந்து கட்டிக்கொள்வார் என்று வெற்றி மேடையில் காத்திருந்தார். முதலாளி வரவில்லை. சாயங்காலம் நாஸ்கார் தலைவர் மைக் ஹெல்டன் வந்து, எர்ன்ஹார்ட்டை இழந்துவிட்டோம் என்று சுருக்கமாகச் சொன்னார்.

அத்தோடு முடியவில்லை. ஐந்தாம் நாள், சீட் பெல்ட் அறுந்திருந்தது என்று ஓர் அறிவிப்பு. பெல்ட் கம்பெனியை நிறுவியவருக்கு மிரட்டல்கள் வந்தன. அவர் அந்தக் கம்பெனியை விட்டே விலகினார். ஆகஸ்டில் வந்த முழு அறிக்கையோ, ஒரே காரணம் இல்லை, பல காரணங்கள் சேர்ந்து கொண்டன என்றது. அக்டோபரில்தான் தலையையும் கழுத்தையும் பிடித்து வைக்கும் சாதனம் எல்லோருக்கும் கட்டாயமானது. பெல்ட் அறுந்தது உண்மைதான். ஆனால் பாதி தெரிந்தபோது சொன்ன உண்மை ஒரு மனிதரை என்ன பாடு படுத்தியது பாருங்கள்.

காபிக் கடையிலிருந்து திரும்பும்போது பையன் பேசவே இல்லை. வீடு வந்ததும், "அங்கிள், ரெஸ்யூமேல அந்த முதல் வரியை எடுத்துடறேன்" என்றான்.

*

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் சின்ன டிராக்குகள் உண்டு. வின்ஸ்டன்-சேலம் நகரில் போமன் க்ரே ஸ்டேடியம் என்று ஒன்று. கால் மைல் சுற்று, நடுவில் ஃபுட்பால் மைதானம், 1949-லிருந்து ரேஸ் நடக்கிறது. அந்த மாதிரி, ஆனால் அதைவிடவும் சின்னதாக, சார்லட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு டிராக்கைப் பிடித்தான் பையன். 'சனிக்கிழமை தோறும் ரேஸ் முடிவுகளை எழுதி உள்ளூர்ப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன், காசு வேண்டாம்' என்றான். 'காசு வேண்டாம்' என்ற வார்த்தை எந்த முதலாளிக்கும் சட்டென்று புரிகிற பாஷை. அன்றே வேலை. சம்பளம் இரண்டு ஹாட் டாக்.

மெக்கானிக், பள்ளிக்கூட வாத்தியார், பிளம்பர் என்று ஊர்க்காரர்கள்தான் டிரைவர்கள். சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு ஏழாவதாக வந்த பிளம்பரின் பெயரைச் சரியாக எழுதி அனுப்புவான். புதன்கிழமை பத்திரிகையில் அது வரும். பிளம்பர் அதைக் கத்தரித்துக் கடையில் ஒட்டி வைப்பார்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை நானும் போனேன். பையனின் அப்பாவையும் ஏறக்குறைய தூக்கிக்கொண்டு போனோம். மனிதர் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஆபீஸ் மெயிலுக்குப் பதில் அடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது ரேஸில் ஒரு கார் தடம் மாறிச் சுவரில் நேராகப் போய் மோதியது. சத்தம் வயிற்றுக்குள் கேட்டது. சிவப்புக் கொடி. மற்ற இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அடங்க, ஆயிரம் பேர் இருந்த இடத்தில் நிசப்தம். ஆம்புலன்ஸ் உள்ளே போயிற்று. டிரைவரை ஜன்னல் வழியாக வெளியே எடுக்க நேரம் ஆனது. எங்களுக்கு இரண்டு வரிசை பின்னால் ஒருவர் ஃபோனில், "ஆள் போயிட்டான்னு நினைக்கிறேன்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். பலர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அது எங்கெங்கே போய்ச் சேர்ந்திருக்குமோ.

பையன் மேலே அறிவிப்பாளர் அறையில் இருக்க வேண்டியவன். அவனைக் காணவில்லை. பார்த்தால் கீழே ஆம்புலன்ஸ் பக்கம் ஓடுகிறான். மருத்துவ ஆளிடம் ஏதோ கேட்டான். திரும்பி ஓடி வந்தவன் மைக்குக்குப் போகவில்லை. காலரிக்கு வந்து, கைக்குழந்தையோடு நின்றிருந்த ஒரு பெண்ணிடம் குனிந்து பேசினான். டிரைவரின் மனைவி. எந்த டிரைவரின் குடும்பம் எங்கே உட்காரும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் பார்த்து வைத்திருக்கிறான். குழந்தையைத் தான் வாங்கிக்கொண்டு, அவளை ஆம்புலன்ஸ் வரை கூட்டிப்போய் ஏற்றிவிட்டான். குழந்தையையும் கொடுத்தான். அதற்கப்புறம்தான் மேலே ஏறினான்.

மேலே டிராக் முதலாளி காத்திருந்தார். கூட்டம் கலைந்துவிடுமே என்ற கவலை அவருக்கு. 'அவருக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறார்' என்று அறிவிக்கச் சொன்னாராம். பையன், "எனக்குத் தெரிஞ்சது மூணு விஷயம்தான். அதை மட்டும் சொல்றேன்" என்றிருக்கிறான். சம்பளம் வாங்காதவனை டிஸ்மிஸ் செய்ய முடியாத சங்கடம் முதலாளிக்கு.

ஒலிபெருக்கியில் வந்தது இவ்வளவே. டிரைவர் விழித்திருக்கிறார், பேசுகிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிறார். குடும்பத்தார் கூட இருக்கிறார்கள். அடுத்த செய்தி தெரிந்ததும் சொல்கிறோம்.

ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் மூச்சு விட்டதைக் கேட்டேன். பின்னால் இருந்தவர் மறுபடி ஃபோன் போட்டு, "இல்லப்பா, பேசறானாம்" என்றார். யாரும் எழுந்து போகவில்லை.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அப்பாக்காரர் லேப்டாப்பை மூடிவிட்டிருந்தார். எப்போது மூடினார் என்று கவனிக்கவில்லை.

டிரைவருக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. ஆபரேஷன் நடந்து, கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்தார் என்று பிறகு தெரிந்தது. 'நன்றாக இருக்கிறார்' என்று அன்று சொல்லியிருந்தால் அது பொய். 'கவலைக்கிடம்' என்றிருந்தால் அதுவும் பொய்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் பத்து மைல் தூரம் யாரும் பேசவில்லை. பிறகு அப்பா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"பெரிய டீம்லல்லாம் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் குடுப்பாங்களாடா?"

மதுரை அப்பாக்கள் சம்மதம் சொல்லும் விதம் இதுதான். 'உன் இஷ்டம், போ' என்பதை ஒரு நாளும் நேராகச் சொல்ல மாட்டார்கள்.

*

நவம்பரில் சீசன் முடியும். பிப்ரவரியில் அடுத்தது தொடங்கும். நடுவில் உள்ள குளிர்காலத்தில்தான் ஸ்பான்சர்கள் மாறுவார்கள், ஆட்களும் மாறுவார்கள். பையன் இந்தத் தடவை ரெஸ்யூமேயோடு ஒரு ஃபைலும் வைத்தான். சனிக்கிழமை ராத்திரிகளில் எழுதின ரிப்போர்ட்டுகள், பத்திரிகையில் வந்த துணுக்குகள், அந்த விபத்து நாளின் அறிவிப்பு. காதலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதினொரு இடத்துக்கு அனுப்பினான். மூன்று பதில் வந்தது. ஒன்று வேலை. ஓர் ஏஜென்ஸியில் ஒரு வருஷ கான்ட்ராக்ட், நாஸ்காரின் மூன்றாம் நிலையான டிரக் ரேஸ் தொடரில். ஸ்பான்சர் விலகினால் வேலையும் விலகும் என்று கடிதத்திலேயே பளிச்சென்று எழுதியிருந்தார்கள். இன்ஷூரன்ஸ் உண்டு.

டிரக் ரேஸ் என்றதும் நம்மவர் ஒருவர் ஞாபகம் வருகிறார். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 2010-ல் இதே தொடரில் மார்ட்டின்ஸ்வில் டிராக்கில் இறங்கி, நாஸ்காரில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். முதல் ரேஸிலேயே பதின்மூன்றாவது இடம். அந்த வருஷம் முழு சீசன்கூட அவர் ஓட்டவில்லை. ஆனால் வருஷக் கடைசியில் ரசிகர் ஓட்டெடுப்பில், அந்தத் தொடரின் 'மிகப் பிரபலமான டிரைவர்' விருது அவருக்குத்தான். இந்தியாவிலிருந்து நம் ஆட்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஓட்டுப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். பி.ஆர். என்றால் நமக்கு ஒன்றும் புதிதில்லை.

'நான் சார்லட்டுக்கு எங்கே சார் போவேன், பெருங்களத்தூரிலிருந்து தாம்பரத்துக்கே பஸ் கிடைக்கவில்லை' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. போக வேண்டாம். இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து ரேஸ் டிராக் இருக்கிறது. 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஃபார்முலா 4 கார்களே ஓடின. அதுவும் பிடிக்கவில்லையா, உங்கள் பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை கபடிப் போட்டி நடக்கிறது. மூன்றாவதாக வந்த டீமின் பெயரைப் பிழையில்லாமல் எழுதி அனுப்ப ஆள் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்த வேலை காலியாகத்தான் இருக்கும். அந்த மாதிரி வேலைக்கு யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை.

பையனோடு போன மாதம் ஃபோனில் பேசினேன். டிரைவர் இன்னும் ஒரு ரேஸ்கூட ஜெயிக்கவில்லையாம். ஒவ்வொரு வாரமும் பெட்டி நிறையத் தொப்பிகளைக் கொண்டு போய், பிரிக்காமல் திரும்பக் கொண்டு வருகிறான்.

"அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்டேன்.

"பெட்டியிலேர்ந்து ஒண்ணு எடுத்துட்டார் அங்கிள். தினம் அதைப் போட்டுக்கிட்டுத்தான் பாங்க்குக்குப் போறார்."